முப்பத்திரண்டாவது கையெழுத்து

அக்கா,

இன்று காலை ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. மாதம் ஒருமுறை வரும் மின்தடை. தறி ஓடும்போது இந்தத் தெருவில் சத்தம் மட்டும்தான். நின்ற பிறகுதான் வாசனை தெரியும். பாவு நூலில் ஏற்றிய கஞ்சி, சூடாறும் இயந்திர எண்ணெய், யார் வீட்டிலோ தாளிக்கும் கடுகு. இந்த வாசனைக்குள் என்னை முதலில் கூட்டிவந்தவர் நீங்கள். அது மூக்கில் ஏறியதும் என் கால் தானாக உங்கள் வீட்டு முடுக்குச் சந்துப் பக்கம் திரும்பியது. மூன்று எட்டு வைத்த பிறகு நின்றேன்.

கையில் அதே மாதிரி ஒரு கோப்பு. எட்டாம் வகுப்பு, ஓர் இரவு வெளியே தங்கும் பயணம், பெற்றோர் ஒப்புதல் படிவங்கள். இந்த ஆண்டு முப்பத்தெட்டு.

நீங்கள் இல்லாமல் நான் வீடு வீடாகப் போகும் முதல் வருடம் இது.

உங்களை முதலில் பார்த்தது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில். நான் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. யார் தலைவியாக இருக்கிறீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். நாற்பது தாய்மார்கள் தரையைப் பார்த்தார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். கொசு அடிக்க. கை கீழே வருவதற்குள் எல்லோரும் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

"டீச்சர், நான் கொசுவத்தான்…" என்று இழுத்தீர்கள்.

"அதுக்கென்ன, கொசுவும் பள்ளிக்கூடத்துப் பிரச்சினைதான்" என்றார் தலைமையாசிரியை. அவ்வளவுதான் தேர்தல்.

அந்தக் கதையைப் பிறகு நீங்கள் எத்தனை பேரிடம் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் கொசு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. ஆனால் மறுநாளே பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும் வாங்கி வந்து, நீங்களே முடுக்கினீர்கள். பள்ளியில் உடைந்து கிடந்தவை எத்தனையோ. ஏன் முதலில் அது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் தார் சுற்றுவது உங்கள் வேலை. தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றித் தருவது. சின்ன மோட்டார் வைத்த ராட்டை. ஒரு கை குழலில், ஒரு கை நூலில். வாய் மட்டும் வேலையில்லாமல் இருந்தது. அதை எனக்குக் கொடுத்தீர்கள். மாலையில் என் ஊர் திருவேங்கடத்துக்குப் பேருந்து வரும்வரை உங்கள் ராட்டைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பேசுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அங்கேதான் அந்த யோசனையை முதலில் சொன்னேன். பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்ட வேண்டும், ஒரு முழு இரவு. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தபோது விடுதி மொட்டை மாடியில் ஒருநாள் தொலைநோக்கி வைத்துக் காட்டினார்கள். நகரத்து வெளிச்சத்தில் நாற்பது நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. நான் பிறந்த கரிசல் காட்டு வானம் அதைவிட எவ்வளவோ கறுப்பு என்பது அன்றுதான் உறைத்தது. அத்தனை வருடம் அதன் கீழே படுத்திருந்தும் அண்ணாந்து பார்த்ததில்லை.

கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு தோட்டம் கிடைத்தது. நெல் காயப்போடும் பெரிய சிமெண்டுக் களம், பம்புசெட் அறை, இரண்டு கழிப்பறை. தோட்டக்காரர் குடும்பம் அங்கேயே இருந்தது. மூன்று ஆசிரியைகள் கூடப் போவதாகத் திட்டம்.

தலைமையாசிரியை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"போன தடவை டூருக்குப் பாதிப் பேருதான் வந்தாளுவ. வராதவ எல்லாம் ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலைஞ்சா. எப்பவும் அதே புள்ளையதான் விட்டுப்போகுது. இந்தத் தடவை முப்பத்திரண்டு பேரும் வந்தா போங்க. ஒருத்தி கொறைஞ்சாலும் பயணம் கெடையாது."

முப்பத்திரண்டு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் யாருக்கும் இல்லை.

முதல் சுற்று நான் தனியாகப் போனேன். மாலை நேரம். பதினான்கு வீடு. பதினான்கு அப்பாக்களும் தறிக்குப் பக்கத்தில் நின்று, சிரித்து, தலையாட்டினார்கள். நான் கத்திச் சொன்னேன். இன்னும் வேகமாக ஆட்டினார்கள். இவ்வளவு முற்போக்கான தெருவா என்று நெகிழ்ந்துபோய்ப் பேருந்து ஏறினேன். மறுநாள் பிள்ளைகளிடம் படிவம் கொடுத்தனுப்பினேன். ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தன.

நீங்கள் ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். நூலைக்கூட விட்டுவிட்டீர்கள்.

"தறி ஓடும்போதா போயிக் கேட்டிய? அந்தச் சத்தத்துல இங்க எல்லாரும் எல்லாத்துக்கும் தலையாட்டுவாவ டீச்சர். வீடு தீப்பிடிச்சிட்டுன்னு சொன்னாலும் சரி சரிம்பாவ."

"அப்ப எப்பதான் பேசுறது?"

"கரண்டு போற அன்னைக்கு."

அந்த நாளையும் நீங்களே பகுத்து வைத்திருந்தீர்கள். தறி நின்றதும் ஆண்கள் அரை மணி நேரம் எண்ணெய் போடுவார்கள். பிறகு டீக்கடை. பிறகு சாப்பாடு, தூக்கம். எண்ணெய் போடும் அந்த அரை மணிக்குள் முடிந்தவரை பிடிக்க வேண்டும். விட்டுப்போனவர்களைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள், கரண்டு வருமுன், எழுப்பிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது வீட்டில் மாட்டினோம். அந்த வீட்டு அண்ணாச்சி தறிக்கு அடியில் படுத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டார். நல்ல விசயம் என்றார். "என்னைக்கு?" என்றார். தேதியைச் சொன்னேன். அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தார்.

"தங்கச்சி, அன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா?"

கையிலிருந்த படிவத்தில் தேதியைத் திரும்பப் பார்த்தேன்.

"தை அமாவாச. நான் எங்கப்பாவுக்குத் தர்ப்பணம் குடுக்கணும். நீங்க என்னடான்னா வயசுக்கு வரப்போற புள்ளையக் காட்டுல கொண்டுபோயிப் படுக்க வைக்கணுங்கிய. காலண்டர் பாக்க மாட்டியளா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல்: "படிச்ச புள்ளதானா இது?"

"படிச்சதுனாலதான் மதினி இப்படி" என்றீர்கள் நீங்கள்.

தெரு முழுக்க அதே பதில். சிலர் மரியாதையாக, சிலர் கையெடுத்துக் கும்பிட்டு. நான் இருட்டான இரவு எது என்று தேடினேன். காலண்டரில் கறுப்பு வட்டத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அமாவாசை இரவில் என்னை வாசலைத் தாண்ட விடாத வீட்டில்தான் வளர்ந்தேன். ஆறு வருடப் படிப்பில் அந்தச் சொல் எனக்கு வெறும் வெளிச்சக் குறைவாக மாறியிருந்தது.

உச்சிப்பொழுது. மூன்று கையெழுத்து. உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பயணமே வேண்டாம் என்றேன். நீங்கள் தண்ணீர் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கிய தினக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"ஒங்களுக்கு இருட்டு எதுக்கு?"

"நட்சத்திரம் தெரியணும். நிலா வெளிச்சம் அழிச்சிரும்."

"முழு நிலாவா இருந்தாத்தான அழிக்கும்?" தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள். "மூணாம் பிறை நூலு கணக்கா இருக்கும். அது எத்தன மணிக்கு அடையும்?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். "எட்டரைக்குள்ள."

"பொறவு?"

"இருட்டுதான்."

"அமாவாச இருட்டேதான?"

"அதேதான், அக்கா."

"அப்ப மூணாம் பிறையக் காட்டக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லுங்க. எவரு வேண்டாம்பாரு?"

நிலவின் பாதையை நான் ஒரு வரைபடமாகப் படித்திருந்தேன். எந்தக் கோணத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லத் தெரியும். எந்த நாளில் ஒரு தகப்பன் மகளை வெளியே அனுப்புவான் என்பது அந்த வரைபடத்தில் இல்லை.

முப்பத்திரண்டு படிவத்திலும் தேதியை அடித்துத் திருத்தினோம். நான் அடித்தேன், நீங்கள் ஊதிக் காயவைத்தீர்கள். பிறகு ஓட்டம். தூங்கிக்கொண்டிருந்த ஆண்களை நீங்கள் எழுப்பிய விதத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. "அண்ணாச்சி, எந்திரிங்க, கையெழுத்துப் போட்டுட்டு அதே கனவத் தொடருங்க." ஒருவர் பாதித் தூக்கத்தில் தன் மகள் பெயருக்குப் பதில் மனைவி பெயரை எழுதினார். "மதினியையும் கூட்டிட்டுப் போறோம், நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றீர்கள்.

கடைசி முடுக்கில் ஓர் உம்மா. கணவர் சவூதியில். பிறை என்றதும் முகம் மாறியது.

"பிறை பாக்கவா? மஃரிபுக்கு அங்கன இருப்பியளா? தொழ எடம் இருக்குமா?"

"களம் கெடக்கு மைதானம் கணக்கா. விரிக்கப் பாயி நான் குடுத்துவிடுதேன்" என்றீர்கள்.

கைபேசியில் வாப்பாவின் முகம் வந்தது. "டீச்சர், அவளுக்கு இருட்டுன்னா பயம்" என்றார். பின்னாலிருந்து மகள் கத்தினாள்: "எனக்கு ஒண்ணும் பயமில்ல வாப்பா. ஒங்களுக்குத்தான் பயம்." அவர் சிரித்துவிட்டார். உம்மா கையெழுத்திட்டார்.

ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. கோப்பில் முப்பத்தொன்று.

"உங்க வீட்டுது?" என்றேன்.

"நம்ம வீட்டுது எங்க போகப்போவுது? நாளைக்குத் தாரேன்."

மறுநாள் பேனா கிடைக்கவில்லை என்றீர்கள். அடுத்த நாள் உங்கள் மகள் கோமதியின் அப்பா இராஜபாளையம் போயிருந்தார். அதற்கடுத்த நாள் படிவத்தில் எண்ணெய் கொட்டிவிட்டது. புதுப் படிவம் தந்தேன். ஒரு வாரம். தலைமையாசிரியை தினமும் கேட்டார்: "அந்த ஒண்ணு?" வகுப்பில் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். உங்கள் கோமதி மட்டும் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருப்பாள்.

எனக்குக் கோபம் வந்தது. உங்கள்மேல் எனக்கு வந்த ஒரே கோபம். அன்று மாலை வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சொன்னேன்.

"மத்த புள்ளையள எல்லாம் அனுப்பச் சொல்லிட்டு ஒங்க புள்ளைய மட்டும் பொத்தி வைக்கியளே அக்கா. இதுக்கா அன்னைக்கு ஒரு நாள் பூரா அலைஞ்சோம்?"

ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. நூல் அறுந்தது. நீங்கள் அதை முடிச்சுப் போடவில்லை. வெறுங்குழல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சுவிட்சை அணைத்தீர்கள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினீர்கள்.

"அவ இன்னும் தூக்கத்துல பாயில ஒண்ணுக்குப் போயிருதா டீச்சர்."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழல்களைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில காட்டியாச்சு. ஒடம்புல ஒரு கொறையும் இல்ல, வளர வளரச் சரியாயிரும்னாவ. எட்டு வருசமா ராத்திரி ரெண்டு தரம் எழுப்பி விடுதேன். பதினொண்ணரைக்கு ஒருதரம், மூணு மணிக்கு ஒருதரம். அப்படி எழுப்புனா ஒண்ணும் இல்ல. எழுப்பாம அசந்துட்டா அவ்வளவுதான். ஒரு சொந்தக்காரவ வீட்டுக் கல்யாணத்துல நான் அசந்துட்டேன். அவ வயசுப் புள்ள ஒருத்தி பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சா. அன்னையிலேர்ந்து இவ ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டா."

அறுந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "முப்பத்தொரு புள்ளைய நடுவுல விடிஞ்சு எந்திரிச்சு அவ நிக்கத என்னால நெனைக்க முடியல."

"என்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லிட்டா ஒங்க வகுப்புல அவ எப்படி உக்காருவா? இப்ப சொன்னதும் அவளுக்குத் தெரியக் கூடாது."

கழிப்பறைக் கதவுக்கு நீங்கள் முதலில் வாங்கிய தாழ்ப்பாள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நீங்கள் கூட வரலாம் என்றேன். நீங்கள் வந்தால் அவள் உங்கள் பக்கத்தில் படுப்பாள், எல்லோரும் கேட்பார்கள் என்றீர்கள். நான் அவளை மட்டும் மெதுவாக எழுப்புகிறேன் என்றேன். பக்கத்தில் படுத்திருப்பவள் விழித்தால் என்றீர்கள். அவள் அன்று ஊரில் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று நீங்களே கேட்டு, அப்போது பயணமே இல்லையே என்று நீங்களே சொன்னீர்கள். என் பேருந்து போனது.

எல்லோரையும் எழுப்பிவிட்டால் என்ன?

இதை முதலில் சொன்னது யார் என்று எனக்கு நிச்சயமில்லை. நீங்கள் என்றுதான் வைத்திருக்கிறேன்.

படிவத்தின் பின்புறத்தில் எழுதினேன். 11.30. 3.00. அந்த இரண்டு நேரத்துக்கும் வானத்தில் ஏதாவது இருக்க வேண்டும். பிள்ளைகளை எழுப்பத் தகுந்த ஏதாவது. அன்று வீட்டுக்குப் போய் நட்சத்திர வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். படித்த காலத்தில் நட்சத்திரம் எப்போது வரும் என்று பார்த்துத்தான் நாங்கள் கண்விழிப்போம். இப்போது முதல்முறையாக, ஒரு தாய் கண்விழிக்கும் நேரத்துக்கு நட்சத்திரம் தேடினேன். கிடைத்தது. பதினொன்றரைக்கு அகத்தியர் நட்சத்திரம் தெற்கிலிருந்து மெல்லச் சாய ஆரம்பித்திருக்கும். மூன்று மணிக்குத் தென்சிலுவை தெற்கே, தாழ்வாக, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத் தலைமையாசிரியை புருவத்தை உயர்த்தினார். "ரெண்டு தரம் எழுப்பணுமா? ஒருதரமா முடிச்சிரக் கூடாதா?"

"வானம் நமக்காகக் காத்திருக்காது மேடம்" என்றேன். கூசாமல்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் நின்று நீங்கள் படிவத்தைக் கொடுத்தீர்கள். உங்கள் கையெழுத்து எப்போதும் கோட்டுக்கு மேலே ஏறிப் போகும். அன்று நேராக இருந்தது. மெதுவாகப் போட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சாயங்காலம் களத்தில் முப்பத்திரண்டு பேரும் மேற்கே பார்த்து நின்றார்கள். மலைக்கு மேலே வெளிச்சம் வடிந்தது. "எங்க மிஸ், எங்க?" என்ற சத்தம் ஒரு கட்டத்தில் நின்றது. பிறை. சில பிள்ளைகள் கும்பிட்டார்கள். இரண்டு பேர் உள்ளங்கைகளை விரித்து ஓதினார்கள். சிலர் சும்மா பார்த்தார்கள். எட்டேகாலுக்கு அது மலைக்குப் பின்னால் போனது. பிறகு மேலே என்ன நடந்தது என்பதை நான் வகுப்பில் ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை.

பதினொன்றரைக்கு விசில் ஊதினேன்.

"எல்லாரும் எந்திரிங்க. முதல்ல பாத்ரூம். பொறவு மூஞ்சி கழுவணும். அதுக்குப் பொறவுதான் அகத்தியர்."

"பாத்ரூம் போகாமப் பாத்தா அகத்தியரு கோவிப்பாரோ?" என்றாள் ஒருத்தி போர்வைக்குள்ளிருந்து.

"ஏட்டி, எந்திரி. கண்ணத் தொறந்தாத்தான நட்சத்திரம் தெரியும், தூக்கம் பூரா கண்ணுல நிக்கு" என்றாள் இன்னொருத்தி.

கழிப்பறை இரண்டு. வரிசை களத்தின் பாதிவரை வந்தது. கோமதி ஏழாவதாக நின்றாள். முன்னால் நின்றவள் சடையை இழுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். எல்லோரையும் போல. மூன்று மணிக்கு மறுபடி விசில். மறுபடி முனகல். "தென்சிலுவ காலைல எட்டு மணிக்கு வந்தா என்ன மிஸ், அதுக்கும் ஸ்கூலா?" மறுபடி வரிசை. வரிசை தீருவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. அதுவரை நட்சத்திரங்கள் காத்திருந்தன, தலைமையாசிரியையிடம் நான் சொன்னதற்கு மாறாக.

ஆறு மணிக்கு உங்கள் அழைப்பு. முதல் மணியிலேயே எடுத்தேன். எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை.

"பாயெல்லாம் மடக்கியாச்சா டீச்சர்?"

"இல்லக்கா. காயப் போட்டிருக்கு."

நான் சொன்ன விதம் தப்பு என்று அப்போதுதான் தோன்றியது.

"எல்லாத்தையுமா?" என்றீர்கள் மிகச் சின்னக் குரலில்.

"முப்பத்திரண்டையும். தைப் பனி அக்கா. என் பாய், தலைகாணி எல்லாம் சொதசொதன்னு இருக்கு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆனது. நான் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, களத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பாய்களைப் பார்த்தபடி நின்றேன். யார் பாய் எது என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு, பள்ளிகள் மூடிக்கிடந்த நோய்க்காலத்து வருடங்கள் போக, எத்தனை பயணம் போனோமோ அத்தனைக்கும் கையெழுத்து வாங்க நீங்கள் வந்தீர்கள். கோமதி பள்ளியை விட்டுப் போன பிறகும். "கொசு இன்னும் சாகல" என்பீர்கள்.

போன ஐப்பசியில் நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் உங்கள் முடுக்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அன்று உங்கள் பக்கத்துத் தறிகளை யாரும் ஓட்டவில்லை. அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்கழியில் கோமதி சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தாள். கல்லூரி, பி.காம். உங்களைவிட உயரம். ஆய்வகத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"மிஸ், அந்த ரெண்டு விசிலும் எனக்காகத்தான?"

அம்மா சொன்னார்களா என்று கேட்டேன்.

"அம்மா எங்க சொல்லுவா? ரெண்டு நேரத்தையும் பாத்தாத் தெரியாதா? எங்க வீட்டு நேரம்லா அது." டம்ளரைச் சுற்றினாள். "பதினொண்ணரைக்கு நீங்க விசிலடிக்கும்போது நான் முழிச்சுத்தான் கெடந்தேன். தூங்கிருவமோன்னு தொடையக் கிள்ளிக்கிட்டே கெடந்தேன். பொறவு எல்லாவளும் வரிசையில நின்னாள்லா, என் முன்னாலயும் பின்னாலயும், கொட்டாவி விட்டுக்கிட்டு. அப்ப என்னமோ பயம் போயிட்டு. மூணு மணிக்குப் பொறவு அப்படி ஒரு தூக்கம் மிஸ்."

பத்தாவது படிக்கும்போது அது தானாக நின்றுவிட்டதாம்.

இன்னொன்றும் சொன்னாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், எனக்குத் தெரியாதது. "அன்னைக்கு ராத்திரி வீட்டுலயும் அம்மா ரெண்டு தரம் எந்திரிச்சு லைட்டப் போட்டாளாம். நான் இல்லாத எடத்தத் தடவிப் பாத்துட்டுப் படுத்தாளாம். அப்பா சொன்னாவ."

உங்களுக்கு ஒரு மடல் எழுத வேண்டும் போலிருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் எழுத முடியாது என்றேன். யோசிக்கவே இல்லை அவள்.

"எழுதுங்க மிஸ். எங்க வகுப்புல மட்டும் நாலு கோமதி. எந்தக் கோமதின்னு எவருக்குத் தெரியும்?"

உங்கள் சிரிப்பு. அப்படியே.

இந்த ஆண்டு பயணம் பங்குனிக்குத் தள்ளிப்போயிற்று. புதிதாக வந்திருக்கும் கணக்கு ஆசிரியை கைபேசியில் வானத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: அந்த மாதத்தில் அகத்தியர் முன்னிரவிலேயே அடைந்துவிடும், தென்சிலுவை நள்ளிரவிலேயே நிமிர்ந்துவிடும், ஒருமுறை எழுப்பினால் போதும், பிள்ளைகள் பாவம், தூங்கட்டும். அவள் கணக்கில் பிழையே இல்லை.

"ரெண்டு தரம்தான். அதே நேரம்" என்றேன்.

"ஏன் மிஸ்?"

"இங்க அப்படித்தான்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். அந்த நேரங்களுக்கு வேறு நட்சத்திரங்கள் தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று மணிக்கு விருச்சிகம் நன்றாக இருக்கும்.

இன்று, நான் மட்டும். எண்ணெய் போடும் அரை மணி, டீக்கடை வாசல், மதியத் தூக்கம். உங்களைப் போல எழுப்ப எனக்கு வரவில்லை. கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன், அவர்களாக எழுந்து வருகிறார்கள். மூன்றாம் பிறை என்றதும் யாரும் மறுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒரு வீடு. இளம் தாய். கையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. பிள்ளையை ராத்தங்க எங்கேயும் அனுப்பிப் பழக்கமில்லை என்றாள். அனுப்ப முடியாது என்று சொல்வதற்கான முகத்தோடுதான் கதவைத் திறந்திருந்தாள். வற்புறுத்தவில்லை. நிகழ்ச்சி நிரலை மட்டும் நீட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. கீழே போனது. மறுபடி நின்றது.

"எல்லாரையுமா எழுப்புவிய?"

"எல்லாரையும்."

"ரெண்டு தரமும்?"

"ரெண்டு தரமும். முதல்ல பாத்ரூம், பொறவுதான் வானம்."

என்னைப் பார்க்காமல் பேனா கேட்டாள். மெதுவாக, நேராகக் கையெழுத்திட்டாள். நானும் வேறெதுவும் கேட்கவில்லை. எந்த வீடு என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன், அக்கா.